ஐந்து மூச்சு

பையின் அடியில், பாதி கடித்த ஆப்பிளுக்குக் கீழே
கசங்கிக் கிடந்தது யாஸ்னா அத்தையின் சீட்டு.
(இந்த ஊரில் பாலர் வகுப்பு டீச்சர் எல்லாருமே அத்தைதான்.)
"தினமும் பத்து நிமிடம் போதும்.
குழந்தையின் விரலுக்குப் பின்னால் போகட்டும் உங்கள் கண்.
சொல் தடுக்கினால் எடுத்துக் கொடுக்காதீர்கள்.
ஐந்து மூச்சு பொறுங்கள்."

ஐந்து மூச்சா!
வல்பரைசோ மலைச்சரிவில் பஸ் ஓட்டுகிறவன் நான்.
சிவப்பு பச்சையாகும் முன்னே
கால் ஆக்ஸிலேட்டரில் இருக்கும்.
முன்னால் போகிறவன் அரை மூச்சு தயங்கினால்
எனக்கு வாய் ஹாரன்தான்.

கடைசி நடை முடித்து வரும்போது எர்மீனியா தூங்கிப்போயிருப்பாள்.
அதனால் எங்கள் பள்ளிக்கூடம் காலை ஆறரைக்கு,
ஜூன் மாத இருட்டில், விளக்கைப் போட்டுக்கொண்டு,
கெட்டில் முனகும் சமையல் மேஜையில்.
புத்தகம் ஒன்றுதான். அதை அவள் மனப்பாடமாகவே ஒப்பித்துவிடுவாள்.
ஆகவே கைக்குக் கிடைத்ததைப் படிக்கிறோம்:
தீப்பெட்டி, மாவுப் பை,
கேஸ்காரன் கதவிடுக்கில் செருகிய விளம்பரம்.

மாவுப் பையின் முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.
ஒரே ஒரு படி உள்ள ஏணி போல ஒன்று.
"ஆ... ரி..."
"அரீனா!" என்று முடித்துவிட்டேன்.
விரலை எடுத்துக்கொண்டாள்.
பையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.
அன்றைக்கு அவ்வளவுதான் பாடம்.

மறுநாள் கேட்டாள்:
"அந்த ஏணி ஏன் சத்தமே போடலை?"
அதன் பெயர் ஆச்சே, அதற்கு ஒலி கிடையாது என்றேன்.
"அப்புறம் எதுக்கு நிக்குது?"
முப்பத்தெட்டு வயது எனக்கு.
யாரிடமும் நான் இதைக் கேட்டதில்லை.

அவள் பெயரும் அந்த ஏணியில்தான் தொடங்குகிறது.
வகுப்பில் ரப்பர் போட்டு அழித்துவிட்டாளாம்.
வேலை செய்யாதவங்களுக்கு என் பேர்ல இடமில்லை என்றாளாம்.
யாஸ்னா திட்டவில்லை, திருத்தவும் இல்லை.
தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேரையும் கேட்டிருக்கிறாள்,
இந்த எழுத்து என்னதான் செய்கிறது என்று.

தூங்குது, என்றது ஒன்று.
தொண்டைவலி.
பல் விழுந்திருக்கும், வெட்கமா இருக்கும்.
மூக்கை ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டு
நவெல் சொன்னான்
(அவன் பெயரின் நடுவிலும் ஒன்று பதுங்கியிருக்கிறது):
"கண்ணாமூச்சி ஆடுது.
ஒளிஞ்சிருக்கறவன் சத்தம் போடமாட்டான்.
ஆனா அவனும் ஆட்டத்துலதான் இருக்கான்."

எர்மீனியா ஏணியைத் திரும்ப நட்டாள்,
அழித்த இடத்தில் தாள் கிழிந்துபோனதால்
கொஞ்சம் தள்ளி.

நானும் பழகிக்கொண்டிருக்கிறேன்.
இன்று எறும்பு மருந்து டப்பா.
சொல்லின் நடுவில் நின்றுவிட்டாள்.
ஒரு மூச்சு. விடை என் நாக்கு நுனியில் வந்து குதிக்கிறது.
இரண்டு. கெட்டில் அலறுகிறது, அணைக்க எழவில்லை.
மூன்று. கீழே துறைமுகத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊதுகிறது.
சந்தேகமாக என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்:
"அப்பா, நீ ஆட்டத்துல இருக்கியா?"
தலையை மட்டும் ஆட்டினேன்.
நான்கு.
"ஓர்... மீ... காஸ்! எறும்பு! அப்பா, எறும்புன்னு எழுதியிருக்கு!"
ஒரு மூச்சு மிச்சம்.

சனிக்கிழமை என் பஸ்ஸில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.
மழை. பக்கக் கண்ணாடி முழுக்க ஆவி.
சிக்னலில் நின்றதும் விரலால் எழுதத் தொடங்கினாள்,
வெளியே குடை பிடித்து நிற்பவர்களுக்கு ஒரு ஓலா.
முதலில் ஏணி, அவள் முழங்கை உயரத்துக்கு.
அவர்களுக்குச் சொல் தலைகீழாகத்தான் தெரியும்,
ஒரு எழுத்து முதுகைக்கூடக் காட்டும்.
ஏணி எந்தப் பக்கமும் ஏணி.

பச்சை விழுந்தது.
கடைசி எழுத்தில் இருக்கிறாள், நாக்கைக் கடித்துக்கொண்டு.
பின்னால் நாலைந்து ஹாரன்.
ஒன்று.
இரண்டு.